கல்லாய்ச் சமைந்த காடு

அகலிகை கல்லாய்ச் சமைந்த கதை நம்மில் யாருக்குத்தான் தெரியாது? பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறோம், தெருக்கூத்தில் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு காடே கல்லாய்ச் சமைந்து, ராமன் வருவான் என்ற நம்பிக்கை கூட இல்லாமல், சுமார் இரண்டு கோடி ஆண்டுகளாக விழுப்புரத்துக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறது என்றால் நம்புவீர்களா? "எந்த ஊர்? எந்த பஸ்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன். ஆனால் நேரே அங்கே அழைத்துப் போக உத்தேசமில்லை. கள்ளக்குறிச்சியில் புறப்பட்டு, கல்வராயன் மலையில் ஏறி இறங்கி, அதன் பிறகு போனால்தான் அந்தக் காட்டின் அருமை தெரியும். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

கள்ளக்குறிச்சி 2019-ல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. அதுவரை விழுப்புரம் மாவட்டத்தின் மேற்கு மூலையாக இருந்த ஊர். கரும்பும் நெல்லும் விளையும் பூமி. இந்த ஊருக்கு வேறு ஒரு கீர்த்தியும் உண்டு. இங்கே செய்யும் மரச் சிற்பங்கள் கடல் கடந்து போகின்றன. 2021-ல் இந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டறைத் தெருவில் நடந்தால் போதும், வாகை மரத்தின் சீவல்கள் காலில் புரள, பாதி முகத்தோடு பிள்ளையாரும், கை மட்டும் முளைத்த நடராஜரும் நம்மை எட்டிப் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு பட்டறையில்தான் எனக்குப் பிரயாணத் துணை கிடைத்தார். வயது அறுபத்தெட்டு. பன்னிரண்டு வயதில் உளி பிடித்தவர். கல் மரங்களைப் பார்க்கப் போகிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கையிலிருந்த கொட்டாப்புளி அந்தரத்தில் நின்றது.

"மரம் கல்லாகுமா தம்பி? கல்லு மாதிரி மரம் உண்டு, கருங்காலி இல்லையா? ஆனா மரமே கல்லாகிறதாவது! யாராவது செதுக்கிப் போட்டிருப்பான். நம்ம ஆளுங்க சாமர்த்தியம் உனக்குத் தெரியாது."

"நீங்களே வந்து பார்த்துச் சொல்லுங்களேன், ஆசாரியாரே!"

மறு நாள் காலை ஐந்தரை மணிக்கு வெள்ளை வேஷ்டி, தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை சகிதமாக அவர் வாடகைக் காரின் முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தார். பையில் என்ன என்று கேட்டேன். இட்லி என்றார். இட்லியோடு ஒரு முழக் கயிறும் இருந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போனால் மலைப் பாதை ஆரம்பமாகிறது. கல்வராயன் மலை உயரத்தில் நீலகிரியோடு போட்டி போடுவதில்லை. இரண்டாயிரம் அடியிலிருந்து நாலாயிரம் அடி வரைதான். ஆனால் கூட்டமும் ஓட்டல்களும் இல்லாத மலையில் காலை வேளையில் ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள், அதற்கு ஊட்டியில் எத்தனை பணம் கொடுத்தாலும் வழியில்லை! மேகம் அருவி, பெரியார் அருவி என்று மழைக் காலத்தில் நீர் கொட்டுகிறது. கொல்லைகளில் சாமையும் தினையும் விளைகின்றன. இங்கே வாழும் மலைவாசிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்கிறார்கள். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களுடைய வழிவழிப் பேச்சு. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த இந்த மலை, சுதந்திரம் வந்து ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, 1976-ல்தான் முழுதாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது!

வெள்ளிமலைக்குப் போகும் வழியில், சாலையோரத்தில் ஓர் அம்மாள் சாக்கை விரித்துக் கடுக்காய் உலர்த்திக்கொண்டிருந்தார். ஆசாரியார் இறங்கிப் போய் இரண்டு கையும் நிறைய வாங்கிக்கொண்டார்.

"வயித்துக்கு ஆகும் தம்பி. அதோடு, கடுக்காய் மரம் எங்கள் தொழிலுக்கும் சொந்தக்காரன்தான். நல்ல வைரம் பாயும்."

இந்தக் கடுக்காயை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இங்கேயே கல் மரம் தேடினால் என்ன என்று கேட்கலாம். தேடினால் கிடைக்காது. கல்வராயன் மலையின் பாறை சார்னோகைட் என்ற வகை. பூமியின் அடி ஆழத்தில், அடுப்பில் வைத்த பண்டம் போலக் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருவானது. வயது சுமார் 250 கோடி ஆண்டு! அப்போது பூமியில் மரமும் இல்லை, புல்லும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டுமே. இருந்திருந்தாலும் அந்தச் சூட்டில் எது மிஞ்சியிருக்கும்? இந்தக் கணக்கை எல்லாம் நினைத்தால் தலை சுற்றுகிறது அல்லவா? சுலபமாக ஒரு வழி சொல்கிறேன். கல்வராயன் மலையை நூறு வயதுக் கொள்ளுப்பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் பார்க்கப் போகும் கல் மரம் அவள் மடியில் தவழும் பத்து மாதக் கைக்குழந்தை. மனிதனாகிய நாம்? பிறந்து ஐந்து நாள் கூட ஆகவில்லை. இன்னும் பெயர் கூட வைக்கவில்லை!

பாட்டியைப் பார்த்தாயிற்று. இனிக் குழந்தையைப் பார்க்கலாம்.

மலையிறங்கி, உளுந்தூர்ப்பேட்டையில் நெடுஞ்சாலையைப் பிடித்து, விழுப்புரம் வழியாக வடகிழக்கே போகிறோம். வெயில் ஏறிவிட்டது. பிரதான சாலையை விட்டுக் கிழக்கே திரும்பியதும் மண்ணின் நிறம் மாறுகிறது. செம்மண்ணும் சரளையும் பனைமரமுமாக மேட்டு நிலம். சங்கராபரணி என்கிற வராக நதி பக்கத்தில் மணலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கரையில் திருவக்கரை.

பெயரைக் கேட்டதும் பக்தர்கள் கையெடுப்பார்கள். சம்பந்தர் பாடிய ஸ்தலம். செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த கோயில்களில் இதுவும் ஒன்று. சந்திரமௌலீசுவரர் லிங்கத்தில் மூன்று முகம். வாசலில் வக்கிரகாளி. பௌர்ணமி இரவில் ஜோதி தரிசனத்துக்கு ஜனங்கள் திரள்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் ஊருக்குக் கிழக்கே சுமார் ஒரு கிலோ மீட்டர் நடந்து கல் மரங்களைப் பார்க்கிறார்கள் என்று கேட்டால், பதில் அவ்வளவு உற்சாகமாக இல்லை. நாங்கள் போன போது எங்களைத் தவிர ஒரு புது மணத் தம்பதியும், நிழலுக்கு ஒதுங்கிய இரண்டு ஆடுகளும் இருந்தார்கள். தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லைப் பார்க்க அவர்களுக்கு அவகாசம் இல்லை.

எங்கள் டிரைவர் விழுப்புரத்துப் பக்கத்துப் பிள்ளை. அவன் தன் பங்குக்குச் சரித்திரம் சொன்னான். "சார், வக்கிராசுரன்னு ஒருத்தன் இருந்தான். பெருமாள் சக்கரத்தாலே அவனைச் சம்ஹாரம் பண்ணினார். அவன் தங்கச்சியைக் காளி சம்ஹாரம் பண்ணினா. அந்த அசுரக் கூட்டத்து எலும்புதான் சார் இதெல்லாம். எங்க தாத்தா சொல்லியிருக்கார்."

இதைக் கேட்டுச் சிரிக்க எனக்குத் தோன்றவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் நீண்டு, வட்ட வட்டமாக முறிந்து கிடக்கும் இந்தத் துண்டுகளை, விஞ்ஞானம் எட்டாத நாளில் உழப் போன இடத்தில் கண்டவன் வேறு என்ன நினைத்திருப்பான்? கல்லுக்கு ஒரு காலத்தில் உயிர் இருந்தது என்று அவன் கண்டுகொண்டானே, அதுவே பாதி உண்மை!

மீதிப் பாதியைச் சொன்னவர்கள் வேறு. சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் 1781-ல் இந்த மரங்களைப் பற்றி எழுதி வைத்தார். 1940-ல் இந்திய புவியியல் ஆய்வுத் துறை இந்த இடத்தைப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. தேசியக் கல்மரப் பூங்கா என்று பெயர். சுமார் 247 ஏக்கர், ஒன்பது துண்டு நிலமாகப் பிரிந்து கிடக்கிறது. பொது ஜனங்களுக்குத் திறந்திருப்பது அதில் சிறு பகுதிதான். எல்லாமாகச் சேர்த்து இருநூறு மரங்கள் போலக் கிடக்கின்றன. மூன்று மீட்டர் நீளமும் உண்டு, பதினைந்து மீட்டரும் உண்டு.

வாயிலைத் தாண்டியதும் நான் ஆசாரியார் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முதல் மரத்தின் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார். துண்டால் தூசியைத் தட்டினார். உள்ளங்கையை வைத்து, பட்டறையில் புதுத் தடி வந்தால் எப்படித் தடவுவாரோ அப்படி, நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை தடவினார். பிறகு முறிந்த முனைப் பக்கம் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தம்பி, இங்கே வா. இதோ, நடுவிலே நெஞ்சு. அதைச் சுத்தி வளையம் வளையமாப் போகுது பார். இந்த இடத்திலே ஒரு கிளை போயிருக்கு, கணு தெரியுதா? கணுவைச் சுத்தி ரேகை ஒதுங்கிப் போகுது. எவனும் செதுக்கலே. செதுக்குகிறவன் கணுவை வெளியிலே காட்டுவானே தவிர, உள்ளே வரைக்கும் ரேகையை ஒதுக்க முடியாது. இது வளர்ந்த மரம்தான்."

ஐம்பத்தாறு வருஷம் மரத்தோடு பழகியவர் கொடுத்த தீர்ப்பு அது. ஆராய்ச்சியாளர்கள் பூதக்கண்ணாடியில் பார்த்து எட்டிய முடிவும் அதுவேதான்.

சரி, மரம் எப்படிக் கல்லாயிற்று? மந்திரம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் அவசரமும் ரொம்பப் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான். முதலில் அவசரம். பெரு வெள்ளத்தில் மரங்கள் வேரோடு பெயர்ந்து அடித்து வரப்படுகின்றன. திருவக்கரையில் எந்த மரமும் நின்ற நிலையில் இல்லை. எல்லாம் படுத்தே கிடக்கின்றன. இலை, கிளை எதுவும் கிடையாது. ஆகவே இவை இங்கே முளைத்தவை அல்ல, ஆற்றோடு வந்தவை என்று சொல்கிறார்கள். வந்த வேகத்தில் மணலும் வண்டலும் மேலே மூடிவிட வேண்டும். மூடினால் காற்றுப் புகாது. மக்கி அழிவது நின்றுபோகும். அப்புறம் பொறுமை. நிலத்தடி நீரில் சிலிகா கரைந்திருக்கிறது. ஆற்று மணல் எதனால் ஆனதோ, அதே சரக்கு. நீர் மரத்துக்குள் ஊறி ஊறி, அதன் நுண்ணறை ஒவ்வொன்றிலும் சிலிகாவைப் படிய விடுகிறது. மரம் கொஞ்சம் கொஞ்சமாக விலக, கல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறது. ரேகை கலையாமல், கணு அழியாமல், அச்சு வார்த்தது போல! இரும்புச் சத்து கலந்த இடத்தில் சிவப்பும் மஞ்சளுமாக நிறம் ஏறுகிறது.

இதைச் சொல்லிவிட்டு, "உங்கள் எஃகு உளி இதில் ஒரு கீறல் கூடப் போடாது, ஆசாரியாரே!" என்றேன்.

"போடாதா? அப்போ நிஜமாவே வைரம் பாஞ்ச மரம்னு சொல்லு!" என்றார் அவர்.

இனிக் கடுக்காய்க்கு வருவோம். இந்தப் பகுதிக் கல் மரங்களை மெல்லிய தகடாக அறுத்துப் பார்த்தவர்கள், இன்றும் நம்மோடு இருக்கும் மரக் குடும்பங்கள் பலவற்றை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று கடுக்காயும் மருதும் சேர்ந்த குடும்பம். வெள்ளைக் குங்கிலியத்தின் குடும்பமும் உண்டு. அது இப்போது நல்ல மழை பெய்யும் மேற்கு மலைக் காடுகளில் வளர்கிறது. பனை தவிர வேறு நிழல் இல்லாத இந்த மேட்டு நிலத்துக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் அடர்ந்த மழைக் காடு இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆசாரியார் மடியிலிருந்து ஒரு கடுக்காயை எடுத்து அதையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் மலை மேல் அந்த அம்மாள் உலர்த்திக்கொண்டிருந்தது இந்தக் கல்லின் பங்காளி வீட்டுப் பிள்ளை!

இந்தச் செம்மண் மேட்டுக்கு அடியிலுள்ள பாறைக்குக் கடலூர் மணற்பாறை என்று பெயர். தெற்கே நெய்வேலியில் அதே மணற்பாறைக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. அதுவும் பழைய காடுதான். சதுப்பில் விழுந்து அமுங்கிய காடு கரியாயிற்று. மணலில் புதைந்து சிலிகாவை உறிஞ்சிய மரம் கல்லாயிற்று. கரியானதை வெட்டி எடுத்து எரித்து, நம் வீட்டு விளக்கை ஏற்றுகிறோம். கல்லானதை என்ன செய்கிறோம்?

இங்கேதான் ஒரு சங்கடமான விஷயம் வருகிறது. நடைபாதையோரத்தில் கட்டைவிரல் பருமனில் சில்லுகள் சிதறிக் கிடக்கின்றன. சிவப்பில் ஒன்று, தேன் நிறத்தில் ஒன்று, விறகுச் சிராய் போலவே ஒன்று. யாருக்குத்தான் கை வராது? ஆசாரியார் ஒன்றை எடுத்தார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒளித்து வைத்துக்கொள்ளும் ஜாதி அல்ல அவர். நேரே காவலாளியிடமே போனார்.

"தம்பி, இதை நான் எடுத்துக்கட்டுமா? பட்டறையிலே வேலை கத்துக்கிற பிள்ளைங்க ரெண்டு பேர் இருக்காங்க. முன்னெல்லாம் பத்துப் பேர் இருப்பாங்க. இதைக் காட்டினா, மரம்னா என்னன்னு அவங்களுக்குப் புரியும்."

காவலாளிக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். தர்மசங்கடத்தோடு நின்றார். பிறகு சொன்னார்: "பெரியவரே, நீங்க கேட்டுட்டு எடுக்கிறீங்க. கேக்காம எடுக்கிறவங்கதான் ஜாஸ்தி. ஒரு பள்ளிக்கூடத்திலேருந்து அறுபது பிள்ளைங்க வருது. ஆளுக்கு ஒண்ணு எடுத்தா அறுபது. ஒரு வருஷத்துக்குக் கணக்குப் போடுங்க. இது மறுபடி முளைக்காதுங்களே!"

ஆசாரியார் கணக்குப் போட்டார் போலிருக்கிறது. ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, எடுத்த இடத்துக்கே திரும்பி நடந்தார். மண்ணில் சில்லின் பள்ளம் இன்னும் அழியாமல் இருந்தது. எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கமே கீழே இருக்கும்படி வைத்துவிட்டு நிமிர்ந்தார். வருத்தம்தான். அவர் அதை மறைக்கவும் இல்லை.

இந்த வியாதி நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்தில் இதைவிடப் பல மடங்கு பெரிய கல் மரக் காடு இருக்கிறது. வயது இருபது கோடிக்கு மேல். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1906-ல் அதைப் பாதுகாக்க உத்தரவிட்டார். 1962-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. ஓடையின் குறுக்கே பாலம் போலக் கிடந்த 110 அடிக் கல் மரம் ஒன்று விழுந்துவிடப் போகிறதே என்று 1917-ல் அடியில் கான்கிரீட் உத்தரம் கொடுத்துத் தாங்கியிருக்கிறார்கள். அங்கேயும் கார்க்காரர்கள் சில்லு பொறுக்கிக்கொண்டு போவது உண்டு. வேடிக்கை என்னவென்றால், எடுத்துப் போனவர்கள் பல வருஷம் கழித்து அதைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள், மன்னிப்புக் கடிதத்தோடு! கல் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கஷ்டம் மேல் கஷ்டம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாத கல்லைத் திரும்ப எங்கே வைப்பது? கண்ட இடத்தில் வைத்தால் ஆராய்ச்சி பாழாகும். ஆகவே அவற்றை ஒரு பக்கமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். 'மனச்சாட்சிக் குவியல்' என்று அதற்குப் பெயர்.

திருவக்கரையில் அப்படி ஒரு குவியல் இல்லை. எடுத்துப் போனவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் போலும்! வக்கிரகாளி இவ்வளவு பக்கத்தில் இருந்துமா என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

இத்தோடு வீடு திரும்பியிருக்கலாம். ஆசாரியார் விடவில்லை. "இதைவிடப் பெரிசு ஏதாவது உண்டா தம்பி?" என்று கேட்டுவிட்டார். உண்டு. சாத்தனூரில். கள்ளக்குறிச்சிக்காரர்களிடம் சாத்தனூர் என்றால் உடனே வடக்கே அணைக்கட்டுக்கு வழி காட்டுவார்கள். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிவிடாதீர்கள்! இது பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். பெரம்பலூருக்குத் தெற்கே நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே, காரை, கொளக்காநத்தம் பக்கமாகப் போக வேண்டும். மறு நாள் அங்கே போனோம்.

கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு சிறு ஓடை. அதில் ஒற்றை மரம். 18 மீட்டர் நீளம்! 1940-ல் இதைக் கண்டு உலகுக்குச் சொன்னவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சைச் சீமைக்காரர், பிற்பாடு புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர். திருவக்கரை மரம் ஆற்றில் வந்தது என்றேன் அல்லவா? சாத்தனூர் மரம் கடலில் மூழ்கியது. ஆம், இந்த வறண்ட பூமியில் அப்போது கடல் அலை அடித்துக்கொண்டிருந்தது. சுற்று வட்டாரத்தில் சிப்பியும் சங்குமாகக் கல்லில் பதிந்து கிடைப்பது அதனால்தான். துறையினர் சொல்லும் கணக்கு 12 கோடி ஆண்டு. நம் கொள்ளுப்பாட்டிக் கணக்கில் ஐந்து வயதுப் பேரன். டைனோசர்கள் நடமாடிய காலம். பூக்கும் மரங்கள் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தன. இது பூக்காத ஊசியிலை மர வகை.

வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூன்று சிறுவர்கள் எங்களை வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஆசாரியார் மஞ்சள் பையைத் திறந்து முழக் கயிற்றை எடுத்தார். ஒரு நுனியை ஒரு பையனிடம் கொடுத்தார். மரத்தைத் தொடாமல், வேலியோரமாகவே அடிப் பக்கத்திலிருந்து முனை வரைக்கும் அளந்துகொண்டே போனார். பையன்கள் மூவரும் கூடவே உரக்க எண்ணிக்கொண்டு வந்தார்கள். இருபத்தேழில் ஒரு தகராறு வந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"முப்பத்தொம்பதரை முழம்!" என்று கடைசியில் கூவினான் சின்னப் பையன். தினமும் அதன் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவன், அளந்தது அன்றுதான்.

"தாத்தா, இதிலே என்ன செய்யலாம்?" என்று கேட்டான்.

ஆசாரியார் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒண்ணும் செய்யக் கூடாதுடா, ராசா" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவர்கள் மூவருக்கும் பங்கு போட ஆரம்பித்தார்.